ஒரு பீப் என்றால் ஆமாம்

நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தொழிற்சாலையிலிருந்து போன மாதம் நித்யா என்ற பெண் பொறியாளர் போன் செய்தார். பழைய சர்வர்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறார்களாம். டெலிபோன் அறைக் கணினி எழும்போது ஓடும் கோப்பில் ஒரு வரி இருக்கிறது. அது மூன்று முறை பீப் அடிக்கிறது. மேலே குறிப்பில் "இதை எடுக்காதே - கௌதமி" என்று போட்டிருக்கிறது.

"மேடம், இந்தப் பேர்ல ரிட்டயர் ஆனவங்க நீங்க ஒருத்தர்தான். இது எதுக்குன்னு சொன்னீங்கன்னா எடுத்துடலாமான்னு பாப்போம்" என்றார்.

கணினி எத்தனையோ முறை மாறியிருக்கும். கோப்பை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகலெடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். "போன்ல சொல்ற விஷயமில்லம்மா, எழுதி அனுப்புறேன்" என்றேன். அப்படி ஆரம்பித்ததுதான் இது.

நான் புளியந்தோப்புக் குடியிருப்பில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, திருவொற்றியூரில் இருந்த அந்த ரசாயனத் தொழிற்சாலையில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தேன். கருவிப் பராமரிப்புப் பிரிவில் அப்போது நான் ஒருத்திதான் பெண். பிரஷர் கேஜைக் கழற்றி மாட்டவும், வட்டத்தாளில் மையால் கோடு இழுக்கும் ரெகார்டரைச் சுத்தம் செய்யவும் கற்றுக்கொண்டதில் முதல் பத்து வருஷம் போனது. பிறகு கணினி வந்தது. யாரும் தொடப் பயந்ததால் என் தலையில் விழுந்தது. நான் சந்தோஷமாகவே ஏந்திக்கொண்டேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் செல்லத்துரை சார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஆறடி உயரம். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. காலை பதினொன்றுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் ஒரு ஸ்டீல் கூஜாவிலிருந்து மோர் குடிப்பார். டீ, காபி தொடமாட்டார். முதுகுக்குப் பின்னால் தொழிற்சாலை முழுக்க அவருக்கு 'மோர் சார்' என்றுதான் பெயர்.

அவரிடம் ஒரு தடித்த நோட்டு உண்டு. எந்தக் கருவியைத் தொட்டாலும் முதலில் அதில் எழுத வேண்டும். என்ன கோளாறு, என்ன மாற்றப் போகிறாய், மாற்றிய பிறகு என்ன ஆனது, சரிசெய்தது யார் என்று ஐந்தாறு கட்டங்கள். திருகாணி ஒன்றைக் கழற்றினாலும் எழுத வேண்டும். "ஒண்ண மாத்து. பாரு. எழுது. பிறவுதான் அடுத்ததத் தொடணும்" என்பார். "ரெண்டச் சேத்து மாத்துனா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது, கெட்டாலும் எதனால கெட்டதுன்னு தெரியாது." புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் இதை ஒரே ஒருமுறை சொல்வார். இரண்டாம் முறை சொல்லமாட்டார்.

ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் டெலிபோன் ஆபரேட்டர். காசிமேட்டுக்காரர். நான்கு வயதில் அம்மை போட்டுக் கண் போனது. பார்வையற்றோர் பள்ளியில் படித்து, ஆபரேட்டர் பயிற்சி முடித்து வந்தவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவருக்கு இரண்டு குரல்கள் இருந்தன. ரிசீவரை எடுத்தால், "வணக்கம், குட் மார்னிங், தங்களுக்கு யாருடன் பேச வேண்டும்?" என்பார், வானொலி அறிவிப்பாளர் தோற்றுப்போவார். வைத்த அடுத்த நொடி, "இன்னா கௌதமி, நாஸ்டா துன்னியா?" என்பார். நானும் புளியந்தோப்புக்காரி என்பதால் அவரிடம் பேசும்போது மட்டும் என் நாக்கும் சொந்த ஊருக்குப் போய்விடும்.

எழுநூறு எண்களை மனப்பாடமாக வைத்திருந்தார். எக்ஸ்டென்ஷன்கள், அதிகாரிகளின் வீடுகள், லாரிக்காரர்கள், ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் புதிய எக்ஸ்சேஞ்ச் வந்தது. மூன்று இலக்க எண்கள் எல்லாம் நான்கு இலக்கமாயின. அதே சமயத்தில் ஊரின் எண்களும் ஏழிலிருந்து எட்டு இலக்கமாயின. இருபது வருஷம் சேர்த்துவைத்த மனப்பாடம் ஒரே வாரத்தில் பழசாகிவிட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு யோசனையும் வந்தது: இனி ஆபரேட்டர் எதற்கு, 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று பதிவுசெய்த குரல் போதுமே. ஏழுமலையை கேன்டீனில் டோக்கன் கிழிக்கப் போடலாம்.

"டோக்கன் கியிக்கறதுக்கா நான் பொறந்தேன்?" என்று என்னிடம் ஒருமுறைதான் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார்.

செல்லத்துரை சார் நிர்வாகத்திடம் போய் நான்கு வாரம் தவணை வாங்கிவந்தார். எண்களைக் கணினியில் ஏற்றி, ஏழுமலை யாருடைய பெயரைத் தட்டினாலும் அது எண்ணை வாயால் சொல்ல வேண்டும். அதுதான் திட்டம். சாரின் தம்பி கப்பலில் இன்ஜினியர். அவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு பேச்சுப் பெட்டி வாங்கிவந்தார். கணினியின் பின்னால் வயரில் மாட்டினால், அனுப்பும் எழுத்தை ஆங்கிலத்தில் கரகரவென்று படிக்கும். பார்வையற்றோருக்கான விண்டோஸ் மென்பொருள் விலை கணினியின் விலையைவிட அதிகம். லினக்ஸ் சி.டி.யோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்தது. ஆகவே லினக்ஸ். திரையில் வருவதை எடுத்துப் பேச்சுப் பெட்டிக்கு அனுப்பும் நிரலும் அந்த சி.டி.யிலேயே இருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு பேக்கேஜை, அதாவது நிரல் மூட்டையை, கணினியில் போடுவது கல்யாணத்துக்கு ஒருவரை அழைப்பது மாதிரி. ஒன்றைக் கூப்பிட்டால் அது இன்னொன்று இல்லாமல் வராது. அந்த இன்னொன்று, வீட்டில் இருக்கும் பழையதோடு பேசாது. கடைசியில் எல்லாம் உட்கார்ந்து பெட்டி பேசியபோது ஏழுமலை தன் பெயரைத்தான் முதலில் தட்டினார். அது "ஈசு மலாய்" என்றது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஒரு வாரத்துக்கு யார் கேட்டாலும் தன் பெயர் ஈசு மலாய் என்றே சொன்னார்.

அந்தக் கணினிக்கு மானிட்டர் கிடையாது. "கண்ணு தெரியாதவருக்கு மானிட்டர் எதுக்கு?" என்று ஸ்டோர்ஸில் தரவில்லை. எனக்குத் தேவைப்படும்போது எங்கள் கருவி அறையிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிப் பார்ப்பேன்.

நான்காவது வாரம். மறுநாள் மதியம் தலைமை அலுவலக அதிகாரி பார்க்க வருகிறார் என்று தகவல். கூடவே ஒரு கோரிக்கை: எந்த எண்ணிலிருந்து யாருக்கு அழைப்பு போனது என்று கணினியே பதிவுசெய்ய முடியுமா? முடியும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் வயரை மாட்ட இன்னொரு போர்ட் வேண்டும். பிற்பகலில் ஒரு பழைய போர்ட் அட்டையை உள்ளே செருகினேன். பதிவு நிரலைப் போடப் போனேன். அது புதிய நூலகக் கோப்பு கேட்டது. அந்தக் கோப்பு தன்னோடு பதினோரு பேக்கேஜ்களைப் புதுப்பிக்கச் சொன்னது. அதில் பேச்சு நிரலும் ஒன்று. சரி சரி என்று எல்லாவற்றுக்கும் எண்டர் தட்டினேன். முடிந்ததும் ஏழுமலை ஒரு பெயரைத் தட்டினார். பெட்டி பேசியது. நோட்டில் "அட்டை மாற்றம், பேக்கேஜ் அப்டேட், சரி" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, பேசின் பிரிட்ஜ் போகும் ரயிலுக்கு ஓடினேன். கணினியை நிறுத்தி மறுபடி எழுப்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எண்ணூர் டேங்க் யார்டில் ஒரு லெவல் மீட்டர் கோளாறு என்று சாரும் நானும் ஜீப்பில் போனோம். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பம்ப் ரூம் போன் அடித்தது.

"கௌதமி, பொட்டி ஊமையா கீது" என்றார் ஏழுமலை. "காலீல ரெண்டு நிமிசம் கரண்ட் போச்சு. வந்துச்சு. அப்பாலேர்ந்து ஒரு வார்த்த பேசல."

"சுவிட்ச அணைச்சுப் போட்டியாண்ணா?"

"பேச்சுப் பொட்டிய அணைச்சுப் போட்டேன். அது 'ரெடி'ன்னு சொல்லுது. கம்ப்யூட்டருதான் அதுங்கிட்ட பேச மாட்டேங்குது."

சாரிடம் சொன்னேன். வெளியே பார்த்தார். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் அசையாமல் நின்றிருந்தன. "ஜீப்புல போனா ரெண்டு மணி நேரம் ஆவும். போன்லயே பாரு" என்றார்.

"அண்ணா, அக்கவுண்ட்ஸ்லேர்ந்து ஒரு மானிட்டர் வாங்கி மாட்டச் சொல்லேன். யாராச்சும் பாத்துப் படிக்கட்டும்" என்றேன். எங்கள் கருவி அறைச் சாவி என் பையில் இருந்தது.

"வேணாம்" என்றார். "அங்க போய்க் கேட்டா ஊரு பூரா தெரிஞ்சிடும். குருடன் மிஷினு புட்டுக்கிச்சுன்னு மத்தியானத்துக்குள்ள மேல போய்ச் சேந்துடும். நீ சொல்லு, நான் அடிக்கறேன்."

அவருக்குத் திரை இல்லை. எனக்கும் இல்லை. அடித்தது சரியா தப்பா என்று எப்படித் தெரியும்?

"கம்ப்யூட்டர் முழுசா எழுந்துச்சான்னு தெரியணுமேண்ணா."

"எய்ந்துகிச்சு. டிஸ்க்கு எப்பவும் எவ்ளோ நேரம் ஓடுமோ அவ்ளோ நேரம் ஓடி அடங்கிச்சு. கைய மேல வச்சுகினுதான் இருந்தேன்."

உள்ளே நுழைய நிர்வாகி பாஸ்வேர்டு வேண்டும். அது சாருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருக்க வேண்டியது. உண்மையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் மாற்றி ஒரு மாதமாகியும் சாரிடம் சொல்லியிருக்கவில்லை. சாரைப் பார்த்தேன்.

"சொல்லு. அவரு மிஷின்தான" என்றார்.

பக்கத்தில் அவர் நோட்டோடு உட்கார்ந்திருக்க, நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். "எம்... ஓ... ஆர்... எஸ்... ஐ... ஆர்." அந்தப் பக்கம் ஏழுமலை சிரிப்பை அடக்குவது கேட்டது. செல்லத்துரை சாரின் பேனா கொஞ்ச நேரம் நின்றது. "அத எழுத வேண்டாம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, "பாஸ்வேர்டு தரப்பட்டது" என்று மட்டும் எழுதினார். முகத்தில் எதுவும் இல்லை.

"உள்ள பூந்துட்டேனான்னு எப்டித் தெரியும்?" என்று கேட்டார் ஏழுமலை. பிறகு அவரே சொன்னார்: "இரு. உள்ள இருந்தா, ஒண்ணும் அடிக்காத சொல்ல பேக்ஸ்பேஸ அய்த்தினா கத்தும்." ரிசீவரைக் கணினியின் மேல் வைத்தார். 'பீப்' என்று எனக்கும் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் எனக்கு வழி தெரிந்தது. நாம் கேட்பதற்குக் கணினி ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும். ஆமாம் என்றால் ஒரு பீப். இல்லை என்றால் மௌனம். அதற்கு ஓர் எழுத்தில் ஒரு குட்டிக் கட்டளை செய்ய வேண்டும். பிறகு எந்தக் கட்டளையை அடித்தாலும் கடைசியில் அந்த எழுத்தைச் சேர்த்தால், முதல் வேலை சரியாக நடந்தால் மட்டும் மணி அடிக்கும். அந்த ஒரு வரியைத் தப்பில்லாமல் அடிக்க மூன்று முயற்சி ஆனது. "சாஞ்ச கோடுண்ணா, எண்டர் கீக்கு மேல கீது பார், அது." மூன்றாவது முறை பீப் வந்தது.

நடுநடுவே லைன் அடிக்கும். "இரு" என்பார். அந்தப் பக்கம் வானொலிக் குரல் எழும்: "வணக்கம், குட் மார்னிங்... பர்ச்சேஸா? இணைக்கிறேன்." திரும்பிவருவார். "ம், சொல்லு."

"பெட்டி பேசாத எப்படிண்ணா நம்பர் தர்ற?"

"நாலு வாரமா சொம்மாவா கீறேன்? பாதி ஏறிடுச்சு மண்டைல. மீதியத்தான் திருப்பிக் கூப்புடச் சொல்லிகினு கீறேன்."

பேச்சு நிரல் ஓடுகிறதா என்று கேட்டோம். பீப். ஓடுகிறது. ஆனால் பேசவில்லை. எனக்கு அடுத்து எதைக் கேட்பதென்று தெரியவில்லை.

"நேத்து என்ன மாத்துன?" என்றார் சார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"அட்டை ஒண்ணு போட்டேன் சார். பேக்கேஜும் அப்டேட் பண்ணேன். ரெண்டையும் சேத்துப் பண்ணிட்டேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டையும் சேத்து" என்று நோட்டில் எழுதினார். "சரி. இப்ப ஒவ்வொண்ணா வா. முதல்ல பேக்கேஜு."

ஒரு பேக்கேஜைப் புதுப்பிக்கும்போது, நாம் கையால் திருத்திவைத்த அமைப்புக் கோப்பைச் சில சமயம் அது ஓரமாகத் தள்ளிவிடும். பெயரின் வாலில் 'சேவ்' என்று ஒட்டி வைத்துவிட்டு, தன் புதிய கோப்பை அந்த இடத்தில் உட்காரவைக்கும். புதிய கோப்புக்கு எங்கள் பேச்சுப் பெட்டி எந்த போர்ட்டில் இருக்கிறதென்று தெரியாது. அப்படி ஒரு வால்கோப்பு இருக்கிறதா? எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் அடித்தார்.

பீப்.

முந்தைய நாள் மாலை பெட்டி பேசியதற்கும் காரணம் புரிந்தது. நிரல் பழைய கோப்பை ஏற்கெனவே படித்து நினைவில் வைத்திருந்தது. காலையில் கரண்ட் போய் எழுந்தபோதுதான் புதியதைப் படித்தது. நான் ஒரே ஒருமுறை நிறுத்தி எழுப்பியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

பழைய கோப்பை அதன் இடத்துக்குத் திருப்பி, நிரலை மறுபடி தொடங்கச் சொன்னேன். பீப் வந்தது. காத்திருந்தோம்.

"இன்னாமோ முனகிச்சு" என்றார் ஏழுமலை. "பாதி வார்த்த. அப்பால தொண்டைல மீன் முள்ளு மாட்ன மாரி நின்னு போச்சு."

"எவ்வளவு பேசுச்சு? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுண்ணா."

"இன்னொரு தபா போடறேன், இரு." போட்டார். "அதே எடத்துல நிக்குது. பதினஞ்சு, பதினாறு எழுத்து இருக்கும்."

கண் தெரிந்த யாரும் அதை எண்ணிச் சொல்லியிருக்க மாட்டார்கள். கணினியின் போர்ட் ஒரு மூச்சில் பதினாறு எழுத்தை அனுப்பும். அனுப்பி முடித்ததும் 'அடுத்தது கொடு' என்று மணி அடிக்கும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மணி எண் உண்டு. பேச்சுப் பெட்டியின் போர்ட்டுக்கு நான்காம் எண். நான் செருகிய பழைய அட்டைக்கும் நான்காம் எண்தான்! பதிவு நிரல் காலையில் தானாக எழுந்து அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. பேச்சுப் பெட்டி பதினாறு எழுத்து பேசிவிட்டு மணியடிக்க, அதைக் கேட்க ஆளில்லை.

"பதிவு நிரலை நிறுத்துண்ணா" என்று பெயரைச் சொன்னேன். பீப். "இப்ப பேச்சு நிரலைத் திரும்பத் தொடங்கு."

ரிசீவரைப் பெட்டியருகே கொண்டுபோயிருக்கிறார். எண்ணூர் பம்ப் ரூமில், மோட்டார் இரைச்சலுக்கு நடுவே, என் காதில் கரகரவென்று அந்த அன்னிய ஆங்கிலம் கொட்டியது. என்ன சொன்னதென்று நினைவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். சார் மணி பார்த்து, நேரத்தை எழுதி, கூஜாவைத் திறந்து மோர் ஊற்றினார். முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார்.

அதிகாரியும் டோல்கேட்டில் அதே டிரெய்லர் வரிசையில் மாட்டிக்கொண்டதால், மதியம் வர வேண்டியவர் இரண்டு மணிக்குத்தான் வந்தார். அதற்குள் நாங்களும் வந்துவிட்டோம். அழைப்புப் பதிவு பிறகு ஆகட்டும் என்று அட்டையைக் கழற்றி வைத்தேன். நிறுத்தி எழுப்பிப் பார்த்தேன், இரண்டு முறை.

அதிகாரி அமைதியான மனிதர். மூன்று பெயர் சொன்னார். ஏழுமலை தட்டினார். பெட்டி மூன்று பெயரையும் கொலைசெய்து, எண்களைத் தெளிவாகச் சொன்னது. "நல்லா வேலை செய்யுதே" என்றார் அதிகாரி. கண்டம் தாண்டிவிட்டது என்று நான் மூச்சு விட்டேன்.

செல்லத்துரை சார் நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார். "காலைல ரெண்டு மணி நேரம் வேலை செய்யல சார். அதையும் நீங்க பாக்கணும்."

ஏழுமலையின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. அதிகாரி படித்தார். கோளாறின் காரணம் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"சரிசெய்தவர்: டெலிபோன் ஆபரேட்டர் ஏழுமலைன்னு போட்டிருக்கு. இவரா?"

"அவருதான்."

"இங்க மானிட்டரே இல்லையே. எப்படிப் பண்ணீங்க?"

ஏழுமலை வானொலிக் குரலை எடுத்தார். "கேட்டுப் பார்த்தேன் சார். ஆமாம் என்றால் ஒரு பீப் அடிக்கும்." ஒரு கட்டளையை அடித்துக் காட்டினார். பீப். வேண்டுமென்றே தப்பாக ஒன்றை அடித்தார். சத்தமில்லை. அதிகாரி இன்னொன்று கேட்கச் சொன்னார். பிறகு இன்னொன்று. பத்து நிமிஷம் நின்று பார்த்தார். நோட்டை மூடி சாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடு" என்றார். "இனிமே மிஷின் எய்ந்தா மூணு தபா கத்தற மாரி எய்தி வையி. பேச்சு வராட்டியும், உள்ள உசுரு கீதுன்னு எனுக்குத் தெரியணும்." நித்யா பார்த்த வரி அதுதான். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

மூன்று வாரம் எந்தத் தகவலும் இல்லை. கேன்டீன்காரர்கள் ஏழுமலைக்கு நாற்காலி தயார் செய்வதாகக் கேலி பேசினார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்த வாரங்களில் மீதி எண்களையும் மண்டையில் ஏற்றிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

தலைமை அலுவலகக் கடிதம் சாருக்கு வந்தது. வழக்கமாக அப்படிப்பட்ட கடிதத்தின் நகல் ஆபீஸ் பையன் கையில்தான் போகும். சார் என்னையும் கூப்பிட்டுக்கொண்டு, தானே எடுத்துப்போனார். டெலிபோன் அறைக்கு அவர் வருவதே அபூர்வம். வாசலில் குனிந்து நுழைந்தார். ஏழுமலை காலடி ஓசையிலேயே ஆளைக் கண்டுகொண்டு எழுந்தார்.

"இருங்க. லெட்டர் வந்திருக்கு. படிக்கேன்" என்றார் சார்.

ஆங்கிலக் கடிதம். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். ஆபரேட்டர் பணியிடம் தொடரும். கணினியின் பொறுப்பும் அவருக்கே தரப்படுகிறது.

ஏழுமலை மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "இன்னொரு தபா படிங்க சார்" என்றார்.

சார் முதல் வரியிலிருந்து மறுபடியும், முன்னைவிட மெதுவாகத் தொடங்கினார். இரண்டாவது வரியில் லைன் அடித்தது. ஏழுமலை ஒரு கையைத் தூக்கி சாரை நிறுத்தினார்.

"வணக்கம், குட் மார்னிங். தங்களுக்கு யாருடன் பேச வேண்டும்?"

செல்லத்துரை சார் கடிதத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி காத்து நின்றார். ஏழுமலை அழைப்பை இணைத்தார். சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வினாடி கேட்டார். ரிசீவரை வைத்தார்.

"ம். மேல படிங்க சார்" என்றார்.